கரும்பின் குரோமோசோம்களை எண்ணிய ஜானகி அம்மாள்: புதிய இனம் எப்படி உருவாகிறது?

பண்ருட்டின்னா எல்லோருக்கும் பலாப்பழமும் முந்திரியும்தான் ஞாபகத்துக்கு வரும். ஆனால் அந்த வட்டாரத்தில் நெல்லிக்குப்பம் ஆலையை நோக்கிப் போகும் கரும்பு லாரிகளுக்கும் ஒரு கதை உண்டு. தமிழ்நாட்டில் பரவலாகப் பயிராகும் 'கோ 86032' ரகத்தில் உள்ள 'கோ' என்பது கோயம்புத்தூரைக் குறிக்கிறது. அங்குள்ள கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் 1930-களில் வேலை பார்த்தவர்தான் இ.கே.ஜானகி அம்மாள்.

யார் இவர்?

1897 நவம்பர் 4-ல், அன்றைய சென்னை மாகாணத்தின் தலச்சேரியில் பிறந்தார். சென்னை ராணி மேரி கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் படித்தார். வீட்டில் அடுத்த பேச்சு கல்யாணம்தான். ஆனால் அவருக்கு பார்பர் உதவித்தொகை கிடைக்க, அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்துக்குக் கிளம்பினார். 1931-ல் அங்கேயே டாக்டர் பட்டமும் வாங்கினார். கடைசி வரை திருமணம் செய்துகொள்ளவில்லை.

கரும்பில் என்ன செய்தார்?

உயிரினங்களின் மரபுத் தகவல், செல்லுக்குள் குரோமோசோம்கள் என்ற இழைகளில் இருக்கிறது. மனிதனுக்கு 46. தித்திப்பான கரும்புக்கு 80. கோயம்புத்தூர் பக்கம் ஆற்றங்கரையில் நாணல் மாதிரி வளரும் காட்டுக் கரும்புக்கு 64.

இரண்டையும் கலந்தால் பாதிக்குப் பாதி, அதாவது 72 வரணும் இல்லையா? வருவது 112! தாய்க் கரும்பு தன் 80 குரோமோசோம்களையும் அப்படியே கொடுத்துவிடுகிறது. காட்டுக் கரும்பு மட்டும் பாதியாக 32 தருகிறது. ஜாவாவில் இந்த விநோதத்தை 1920-களிலேயே கவனித்துவிட்டார்கள். இப்படிப்பட்ட கலப்புகளுக்குள் என்ன நடக்கிறது என்று நுண்ணோக்கியில் பார்த்து எண்ணுவதுதான் ஜானகியின் வேலை. கரும்பையும் மக்காச்சோளத்தையும்கூடக் கலந்து பார்த்து, 1938-ல் அந்த முடிவை வெளியிட்டார்.

பெண் என்பதாலும், பிற்படுத்தப்பட்டதாகக் கருதப்பட்ட சமூகத்திலிருந்து வந்தவர் என்பதாலும் சக ஆண் விஞ்ஞானிகளிடையே அவருக்குச் சமமான இடம் கிடைக்கவில்லை. 1939-ல் ஒரு மாநாட்டுக்காகப் பிரிட்டன் போனபோது இரண்டாம் உலகப் போர் வெடிக்க, அங்கேயே தங்கிவிட்டார். லண்டனில் சி.டி.டார்லிங்டனுடன் சேர்ந்து, பயிர்களின் குரோமோசோம் எண்ணிக்கையைத் தொகுத்த நூலை 1945-ல் வெளியிட்டார். அவர் உருவாக்கிய ஒரு மேக்னோலியா பூ மரம் இன்றும் அவர் பெயரில்தான் இருக்கிறது.

குரோமோசோம் மாறினால் புது இனமா?

சில நேரம் ஆமாம். தூரத்து உறவான இரண்டு செடிகள் கலந்து பிறக்கும் வாரிசில் குரோமோசோம்களுக்கு ஜோடி கிடைக்காது. அதனால் விதை பிடிக்காது. ஆனால் எப்போதாவது எல்லாக் குரோமோசோம்களும் இரட்டிப்பாகிவிடும். அப்போது ஒவ்வொன்றுக்கும் ஜோடி வந்துவிடும், விதையும் பிடிக்கும். ஆனால் பெற்றோர் இனத்தோடு மறுபடி சேர்ந்தால் கணக்கு ஒத்துவராது. அதாவது, தனி இனமாகப் பிரிந்துவிட்டது!

வறண்ட வடமேற்கு இமயமலையைவிட, ஈரமும் குளிரும் உள்ள வடகிழக்கு இமயமலையில் புதிய தாவர இனங்கள் அதிகம் தோன்றுவதற்கு இந்தப் பெருக்கமே காரணம் என்று ஜானகி விளக்கினார்.

கடலில் கதை கொஞ்சம் வேற. ஐரோப்பியக் கரையோரப் பாறைகளில் வாழும் லிட்டோரினா என்ற சிறு நத்தையில் எண்ணிக்கை கூடுவதில்லை. குரோமோசோமின் ஒரு துண்டு தலைகீழாகத் திரும்பி ஒட்டிக்கொள்கிறது. திரும்பிய துண்டிலுள்ள மரபணுக்கள் எளிதில் கலைவதில்லை, ஒரே கட்டாகவே அடுத்த தலைமுறைக்குப் போகின்றன. நண்டு அதிகமுள்ள இடத்தில் தடித்த ஓடுள்ள பெரிய நத்தை, அலை மோதும் இடத்தில் மெல்லிய ஓடுள்ள சிறிய நத்தை என இரு வகைகள் நிலைக்க இது உதவுகிறது. இவை இன்னும் தனி இனங்கள் ஆகவில்லை. இனம் பிரியும் பாதையை ஆராய்ச்சியாளர்கள் இதில்தான் நேரடியாகப் பார்க்கிறார்கள்.

கடைசி வரை என்ன செய்தார்?

நேரு அழைத்ததால் 1951-ல் நாடு திரும்பி, இந்தியத் தாவரவியல் ஆய்வுத் துறையைச் சீரமைக்கும் பொறுப்பை ஏற்றார். 1970-ல் சென்னைக்கு வந்தவர், சென்னைப் பல்கலைக்கழகத்தின் மதுரவாயல் ஆய்வுக்கூடத்திலேயே தங்கி வேலை பார்த்தார். 1977-ல் பத்மஸ்ரீ கிடைத்தது.

அந்த வயதிலும் கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்கை அணைத் திட்டத்திலிருந்து காக்கக் குரல் கொடுத்தார். காடு மூழ்கினால் மரங்களோடு, வேறெங்கும் கிடைக்காத குரோமோசோம் வரலாறும் மூழ்கிவிடும் என்பது அவர் கவலை. அதனால் அங்குள்ள தாவரங்களின் குரோமோசோம்களைக் கணக்கெடுக்கவும் இறங்கினார்.

1984 பிப்ரவரி 7-ல் 86 வயதில் காலமானார். அதே ஆண்டு நவம்பரில் அமைதிப் பள்ளத்தாக்கு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது.