சிப்பாயாய்ச் சேர்ந்த லெப்டினன் அட்னான்

தமிழ்ப்பள்ளியில் படித்த காலத்தில், 'லெப்டினன்' என்பது அட்னான் பின் சைடியின் பெயரோடு பிறந்த சொல் என்றே நினைத்திருந்தேன். அது அவர் அடிமட்டத்திலிருந்து ஏறிப் பெற்ற பதவி என்பது பிறகுதான் தெரிந்தது.

1915இல் பிறந்த அட்னான், ஆசிரியர் பயிற்சியை விட்டு, 1933இல் மலாய்ப் படைப்பிரிவில் சாதாரணப் படைவீரராகச் சேர்ந்தார். படைவீரர் கார்ப்ரல், சார்ஜன் என உயரலாம். அதிகாரியாவதற்குத் தனி நியமன ஆணை வேண்டும். இருபது ஆண்டு சேவை செய்த சார்ஜனும் நேற்று வந்த இளம் அதிகாரிக்கு சல்யூட் அடித்தாக வேண்டும். (எனக்கு இது அநியாயமாகவே படுகிறது.) அட்னான் சார்ஜனானார், 1937இல் ஆறாம் ஜார்ஜ் மன்னரின் முடிசூட்டு விழாவுக்கு லண்டன் சென்றார். பின்னர் சிங்கப்பூரில் பயிற்சி பெற்று அதிகாரியுமானார்.

1942 பிப்ரவரி 14. சிங்கப்பூரின் பாசிர் பாஞ்சாங் குன்றில், பஞ்சாபிப் படையினரின் உடையில் ஓர் அணி ஏறி வந்தது. பிரிட்டிஷ் படையினர் மும்மூவராக நடப்பார்கள். இவர்களோ நந்நால்வராக வந்தனர். வேடமிட்ட ஜப்பானியர் என்று கண்டுகொண்ட அட்னான், சுட ஆணையிட்டார். சிப்பாயாகத் திடலில் கால்தேய நடந்தவரின் கண் அது என்பேன். எதிரிகள் மீண்டும் பெரும்படையோடு வந்தனர். காயம்பட்டும் பின்வாங்காமல் போரிட்ட அட்னான் அன்றே கொல்லப்பட்டார். மறுநாள் சிங்கப்பூர் சரணடைந்தது.