சுருள்வில்லின் விதி கண்ட ராபர்ட் ஹூக்

பேனாவின் தலையை அழுத்தியதும் முனை வெளியே வருகிறதே, அதற்குள் ஒளிந்திருப்பது எது? சைக்கிள் இருக்கைக்கு அடியில் நம் பாரத்தைத் தாங்குவது எது? தையல் எந்திரத்தில் நூலைத் தளராமல் இழுத்துப் பிடிப்பது எது? ஸ்பிரிங் என்று நாம் வழக்கமாகக் கூறும் சுருள்வில்லே அது. அற்பப் பொருள் என்று நாம் எண்ணும் அதன் இயல்பை அளந்து கண்டு, உலகுக்கு விதியாக வகுத்துச் சொன்ன ஒரு மேதையின் வாழ்க்கையை இங்கே காண்போம்.

இவரைப் பற்றி எழுத எங்களைத் தூண்டியது ஒரு சிறு நிகழ்ச்சி. எங்கள் அறிவியல் கண்காட்சியைக் காண, தோழி ஒருத்தியின் அண்ணன் வந்திருந்தார். அவர் பொறியியல் மாணவர். இயந்திரப் பாகங்களைக் கணிப்பொறியில் எப்படி வரைகிறார்கள் என்று காட்டினார். கம்பியின் பருமன், சுருளின் அகலம், சுற்றுகளின் எண்ணிக்கை, ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் உள்ள இடைவெளி ஆகிய நான்கு எண்களை அவர் கொடுத்ததும், அச்சில் வார்த்தாற்போல் பளபளவென்று ஒரு சுருள்வில் திரையில் தோன்றியது. நாங்கள் கைதட்டினோம். பிறகு அதன்மேல் இருந்த வால்வை அவர் கீழே இறக்கினார். ஐயோ! சுருள்வில் கற்சிலைபோல் அசையாமல் நின்றது. வால்வு அதைத் துளைத்துக்கொண்டு போயிற்று!

அவர் சிரித்தார். கணிப்பொறிக்கு அது வெறும் உருவம்தான். அழுத்தினால் சுருங்க வேண்டும் என்பது அதற்குத் தெரியாது என்றார். சுருள்வில் நீளும்போது கம்பி புதிதாக வளர்வதில்லை, சுற்றுகளும் கூடுவதில்லை, இடைவெளி மட்டுமே மாறுகிறது. ஆகவே, வால்வு நிற்கும் உயரத்தைச் சுற்றுகளின் எண்ணிக்கையால் வகுத்து வருவதே இடைவெளி என்று கணக்கு எழுதிக் கொடுத்தார். உடனே அது நீண்டது, சுருங்கியது. ஆனாலும் அவர் கை அசைத்தபடிதான் அசைந்தது, விட்டால் துள்ளவில்லை. தானாகத் துள்ள வேண்டுமானால், எவ்வளவு நீட்சிக்கு எவ்வளவு விசை என்ற இன்னொரு எண் வேண்டும் என்றார். அந்த எண்ணையும், ஆட்டம் மெல்ல அடங்குவதற்காகச் சிறிது தணிப்பையும் கொடுத்தார். இப்போது இழுத்துவிட்டதும் அது மேலும் கீழும் ஆடி, மெல்ல மெல்ல அடங்கி நின்றது. இந்த விதியை யார் சொன்னது என்று கேட்டோம். ஹூக் என்றார். தக்கையை நுண்ணோக்கியில் பார்த்துச் செல் என்று பெயரிட்டவராக உயிரியல் பாடத்தில் நாம் படித்த அதே ஹூக்தான்!

ராபர்ட் ஹூக் 1635ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 18ஆம் நாள், இங்கிலாந்தின் தென்கரைக்கு அப்பால் உள்ள வைட் தீவில், பிரஷ்வாட்டர் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை ஜான் ஹூக் ஆங்கிலத் திருச்சபையில் குருவாகப் பணியாற்றியவர். குழந்தை பிழைக்குமா என்றே பெற்றோர் அஞ்சினர், அவ்வளவு நோஞ்சான். ஓயாத தலைவலியினால் பாடம் படிப்பதும் நின்றது. சும்மா இருந்த பிள்ளையின் கைகள் சும்மா இருக்கவில்லை. பித்தளைக் கடிகாரம் ஒன்றை யாரோ பிரித்துப் போட்டதைப் பார்த்துவிட்டு, மரத்திலேயே ஒரு கடிகாரம் செய்தான் சிறுவன். அது ஓடவும் செய்தது! பாயும் கயிறும் பூட்டிய சிறு கப்பல் ஒன்றும் செய்தான். அதில் வெடிக்கும் குட்டிப் பீரங்கிகள்கூட இருந்தன.

ஹூக்குக்குப் பதின்மூன்று வயதானபோது, 1648இல் தந்தை மறைந்தார். தந்தை விட்டுச்சென்ற சிறு தொகையுடன் லண்டன் சென்ற சிறுவன், பீட்டர் லெலி என்ற புகழ்பெற்ற ஓவியரிடம் சில காலம் இருந்தான். வண்ணக் குழம்பின் நெடி தலைவலியைத் தந்ததால் அதை விட்டு, வெஸ்ட்மின்ஸ்டர் பள்ளியில் சேர்ந்தான். கண்டிப்புக்குப் பெயர்போன தலைமையாசிரியர் பஸ்பி இவனிடம் மட்டும் பரிவு காட்டினார். யூக்ளிடின் வடிவியல் நூலில் ஆறு பகுதிகளை ஒரே வாரத்தில் கற்று முடித்ததாக ஹூக்கின் நண்பர் ஆப்ரி எழுதி வைத்திருக்கிறார். ஆண்டு முழுவதும் வடிவியலோடு மல்லாடும் எங்களுக்கு இதை நம்புவது சற்றுக் கடினமாகத்தான் இருக்கிறது. பதினாறு வயதளவில் அவர் முதுகு கூனத் தொடங்கியது. கடைசல் எந்திரத்தின்மேல் ஓயாமல் குனிந்து வேலை செய்ததே காரணம் என்று அவர் எண்ணினார்.

1653இல் ஆக்ஸ்போர்டு சென்றார். அங்கே ராபர்ட் பாயிலுக்கு உதவியாளராகிக் காற்றை வெளியேற்றும் பம்பு ஒன்றைச் செய்து கொடுத்தார். வாயுக்களைப் பற்றிப் பாயில் கண்ட விதிக்குத் துணைநின்றது அந்தப் பம்பு. 1662இல் லண்டன் ராயல் கழகம் அவரைத் தன் சோதனைகளுக்குப் பொறுப்பாளராக அமர்த்தியது. வாரந்தோறும் கூட்டத்தில் மூன்று நான்கு சோதனைகளைச் செய்து காட்ட வேண்டும். தொடக்கத்தில் சம்பளமும் இல்லை. 1665இல் நுண்ணோக்கியில் கண்டவற்றைப் படங்களுடன் மைக்ரோகிராபியா என்ற நூலாக வெளியிட்டார். அதில் தெள்ளுப்பூச்சியின் படம், மடித்து வைத்த பெரிய தாளில், பூனைக்குட்டி அளவுக்கு இருக்கிறது! அதே ஆண்டு கிரஷாம் கல்லூரியில் வடிவியல் பேராசிரியரானார். இறுதிவரை அக்கல்லூரி அறைகளே அவருக்கு வீடு.

1666 செப்டம்பரில் லண்டன் மாநகர் தீக்கிரையாயிற்று. பதின்மூன்றாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள் அழிந்தன. சாம்பல் மேட்டில் எது யாருடைய மனை என்று அளந்து கல் நாட்டும் பணி ஹூக்கிடம் வந்தது. கூனிய முதுகோடு தெருத்தெருவாக நடந்து அளந்தார். தம் நண்பரும் கட்டடக்கலை வல்லுநருமான கிறிஸ்டோபர் ரென்னுடன் சேர்ந்து, அத்தீயின் நினைவாக 202 அடி உயரத் தூணையும் எழுப்பினார். அது இன்றும் லண்டனில் நிற்கிறது.

இனி நம் சுருள்வில்லுக்கு வருவோம்.

அக்காலத்துப் பைக்கடிகாரங்கள் ஒரு நாளில் பல நிமிடங்கள் பிழை காட்டின. ஊசல் கடிகாரம் நன்றாக ஓடியது. ஆனால் ஆடும் கப்பலில் ஊசல் என்ன செய்யும்? கடலில் தீர்க்கரேகையை அறியச் சரியான நேரம் தேவை. கடிகாரத்தின் ஆடும் சக்கரத்தில் ஒரு சுருள்வில்லைப் பூட்டினால், ஊசலின் வேலையை அதுவே செய்யும் என்ற எண்ணம் 1660ஆம் ஆண்டை ஒட்டி ஹூக்குக்குத் தோன்றியது. பாயிலும் வேறு இருவரும் காப்புரிமை பெற்றுத் தர முன்வந்தனர். ஆனால் ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்தது. பின்னாளில் யாரேனும் இக்கருவியை மேலும் திருத்தினால், ஆதாயம் திருத்தியவருக்கே போகும். ஹூக் அதற்கு இணங்கவில்லை. தம் எண்ணத்தைப் பூட்டி வைத்துக்கொண்டார்.

1675இல் இடி விழுந்தது. ஹாலந்து நாட்டு அறிஞர் கிறிஸ்டியான் ஹைகன்ஸ் சுருள்வில் பூட்டிய கடிகாரத்தைத் தம் கண்டுபிடிப்பாக அறிவித்தார். ஹூக் கொதித்தெழுந்தார். கழகச் செயலாளர் ஓல்டன்பர்க்தான் தம் இரகசியத்தை வெளிநாட்டுக்கு எழுதிவிட்டார் என்று பழித்தார். தாமஸ் டாம்பியன் என்ற கடிகாரக் கம்மியரைக் கொண்டு அவசரமாக ஒரு கடிகாரம் செய்வித்து, தாம் இதை 1658இலேயே கண்டதாக அதில் பொறித்து, மன்னர் இரண்டாம் சார்லசிடம் கொடுத்தார். ஆனால் பழைய கண்டுபிடிப்புக்குச் சான்று எங்கே? எவருக்கும் காட்டாமல் வைத்ததற்கு எவர் சாட்சி சொல்வார்?

அடுத்த ஆண்டு அவர் செய்ததுதான் எங்களுக்கு மிகவும் வியப்பூட்டியது. 1676இல் வெளியான ஒரு நூலின் இறுதியில், தாம் கண்ட சுருள்வில் விதியை எழுதினார். எப்படி? நான்கு இலத்தீன் சொற்களின் 14 எழுத்துகளைப் பிரித்து, அகர வரிசையில் அடுக்கி, புதிராக அச்சிட்டார்! யாரும் படித்துப் பொருள் காண முடியாது. ஆனால் பிற்பாடு யாரேனும் உரிமை கொண்டாடினால் எழுத்துகளைச் சேர்த்துக் காட்டலாம். கலிலியோவும் ஹைகன்சும்கூட இவ்வாறு செய்ததுண்டு. தாலந்தை மண்ணில் புதைத்த ஊழியனின் நினைவு எங்களுக்கு வந்தது. ஆனால் ஹூக் சோம்பலால் புதைக்கவில்லை. திருடு போகுமோ என்ற அச்சத்தால் புதைத்தார். தேர்வில் விடைத்தாளை இடக்கையால் மறைத்துக்கொண்டு எழுதும் நமக்கு அவரைக் குறை கூற வாயில்லை.

1678இல் சுருள்வில்லைப் பற்றித் தனி நூல் எழுதி, அவரே புதிரை அவிழ்த்தார். நீட்சி எவ்வளவோ, அவ்வளவே விசை என்பது அதன் பொருள். அதாவது, ஒரு பங்கு எடைக்கு ஒரு விரல் நீண்டால், இரண்டு பங்குக்கு இரண்டு விரல், மூன்று பங்குக்கு மூன்று விரல். சுருட்டிய கம்பியில் தட்டைத் தொங்கவிட்டு எடைகளை ஏற்றிப் பார்த்தார்; கடிகாரச் சுருளில் பார்த்தார்; இருபது முதல் நாற்பது அடி நீளமுள்ள நேர்க்கம்பியைத் தொங்கவிட்டும் பார்த்தார். எல்லாம் ஒரே விதிக்கு அடங்கின. அளவு மீறி இழுத்தால் விதி கெடும் என்பது, பேனா ஸ்பிரிங்கை நீட்டிப் பாழாக்கிய நம் அனைவருக்கும் தெரிந்ததே.

இவ்வளவு எளிய விதியா என்று தோன்றும். ஆனால் இதனுள் ஒரு பெரிய உண்மை அடங்கியிருக்கிறது. அதிகம் இழுத்தால் அதிக விசை திருப்பி இழுக்கிறது. ஆகவே பெரிய ஆட்டமும் சிறிய ஆட்டமும் ஒரே நேரத்தில் முடிகின்றன. கடிகாரம் சரியாக ஓடுவது இதனால்தான். கண்காட்சியில் நாங்கள் கண்ட கணிப்பொறியும் இதையே செய்தது. எவ்வளவு நீண்டிருக்கிறது என்று பார்க்கிறது. அதிலிருந்து விசையைக் கணக்கிடுகிறது. விசையினால் வேகம் எவ்வளவு மாறும், அடுத்த கணத்தில் முனை எங்கே இருக்கும் என்று கண்டு, அதற்கேற்ற இடைவெளியுடன் புதுச் சுருளை வரைகிறது. ஒரு நொடிக்குள் பலமுறை இப்படி வரைவதால், நம் கண்ணுக்கு அது துள்ளுகிறது.

ஹூக்கின் முதுமை துன்பமானது. கோள்களைச் சூரியன் ஈர்க்கும் விசை, தொலைவின் இருமடிக்கு ஏற்பக் குறைகிறது என்று 1680இல் நியூட்டனுக்கு எழுதியிருந்தார். 1686இல் நியூட்டனின் பெருநூல் கையெழுத்துப்படியாகக் கழகத்துக்கு வந்தபோது அதற்குரிய மதிப்பைக் கேட்டார். சினந்த நியூட்டன் அவர் பெயரைப் பல இடங்களில் நீக்கினார். அவ்விதியைக் கணிதத்தால் நிறுவியவர் நியூட்டனே என்பதை நாங்கள் மறுக்கவில்லை. ஆனால் ஒரு நன்றிச் சொல் எழுதியிருந்தால் அந்நூலின் பெருமை குறைந்தா போயிருக்கும்? வரவர ஹூக் யாரிடமும் ஒட்டாதவரானார். கண்பார்வை மங்கியது, கால்கள் வீங்கின. 1703ஆம் ஆண்டு மார்ச் 3ஆம் நாள், கிரஷாம் கல்லூரி அறையிலேயே உயிர் நீத்தார். ராயல் கழகத்துக்குக் கட்டடமும் ஆய்வுக்கூடமும் அமைக்கப் பணம் விட்டுச்செல்ல வேண்டும் என்று சொல்லிவந்தவர், உயிலில் கையெழுத்திடாமலே போய்விட்டார். அறையில் இருந்த இரும்புப் பெட்டியில் ஆயிரக்கணக்கான பவுன் இருந்தது. அதே ஆண்டு நியூட்டன் கழகத்தின் தலைவரானார்.

ஹூக்கின் உருவப்படம் என்று உறுதியாகச் சொல்லத்தக்க ஒன்றுகூட இன்று இல்லை. நியூட்டன்தான் அதை அகற்றினார் என்று ஒரு பேச்சு உண்டு. சான்று இல்லாததால் நாங்கள் அதை நம்பவில்லை. கல்லறையும் இல்லை. அவரைப் புதைத்த புனித ஹெலன் ஆலயத்தின் எலும்புகள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வேறிடத்துக்கு மாற்றப்பட்டன.

ஆனால் 2006ஆம் ஆண்டில், வைட் தீவுக்கு எதிர்க்கரையில் உள்ள ஹாம்ப்ஷயரில், ஒரு வீட்டு அலமாரியிலிருந்து பழைய கையெழுத்துக் கட்டு ஒன்று வெளிவந்தது. ஐந்நூறுக்கும் மேற்பட்ட பக்கங்கள், ஹூக்கின் கையெழுத்து! கழகக் கூட்டக் குறிப்புகளை அவரே படியெடுத்து வைத்திருந்தார். ஏறக்குறைய பத்து லட்சம் பவுன் திரட்டி ராயல் கழகம் அதை வாங்கியது. ஹைகன்ஸ் அறிவிப்பதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன்னரே, 1670இல், சுருள்வில் கடிகாரத்தை ஹூக் கழகத்தின்முன் காட்டியதற்கான குறிப்பு அதில் இருப்பதாக, அதை ஆராய்ந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். அவர் தேடித் தேடிக் கிடைக்காமல் போன சாட்சி, அவர் இறந்து 303 ஆண்டுகள் கழித்து வந்து சேர்ந்தது.