உதடு ஒட்டாமல் அம்பாளைப் பாடியவர்

கோரிப்பாளையத்தில் பஸ் ஏறி, வைகைப் பாலத்தைத் தாண்டி, அன்னை மீனாட்சியைத் தரிசிக்கப் போகும் வாசகியரே! சந்நிதியில் கைகூப்பி நின்றதும் உங்கள் வாயில் முதலில் வரும் சொல் எது? 'அம்மா'தானே? அதை இப்போது மெதுவாகச் சொல்லிப் பாருங்கள். இரண்டு உதடுகளும் ஒட்டும். உதடு ஒட்டாமலே அந்தத் தாயைக் கூப்பிட முடியுமா? முடியும் என்று பாட்டாலேயே காட்டியவர், ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதர்.

1877-ல் பிறந்தவர். திருநெல்வேலிச் சீமை ஹரிகேசநல்லூர் அவருடைய ஊர். சின்ன வயதிலேயே தந்தையை இழந்தார். தாய்மாமன் லட்சுமண சூரியிடம் வடமொழி படித்தாலும், மனசெல்லாம் சங்கீதம். சிறுவனாகவே வீட்டை விட்டுக் கிளம்பிவிட்டார். சோழ நாட்டில் பதினைந்து மண்டபம் சாம்பசிவ ஐயரின் சீடராகி, ஒன்பது ஆண்டுகள் குருகுலவாசம் செய்தார். பிறகு கச்சேரி, ஹரிகதை என்று ஊர் ஊராகப் புகழ் பரவியது. அவர் சொல்லும் வள்ளி பரிணயத்துக்குக் கூட்டம் அலைமோதும்.

நம் மதுரைக்கும் அவருக்கும் நெருங்கிய பந்தம் உண்டு. இங்கே தியாகராஜ சங்கீத வித்யாலயத்தை நிறுவியவர் அவரே. மதுரை மணி ஐயர் அங்கே பயின்றவர்தான். பின்னர் மைசூர் மகாராஜா நான்காம் கிருஷ்ணராஜ உடையாரின் ஆஸ்தானத்தில், சாமுண்டீஸ்வரி மீது 108 கீர்த்தனைகள் இயற்றினார்.

அவர் அமைத்த அபூர்வ ராகங்களில் ஒன்று 'நிரோஷ்டா'. ஓஷ்டம் என்றால் உதடு. உதட்டுக்கு வேலை இல்லாத ராகம் இது! ஸ ரி க ம ப த நி என்ற ஏழு ஸ்வரங்களைச் சொல்லிப் பாருங்கள். 'ம', 'ப' இரண்டுக்கு மட்டும்தான் உதடுகள் ஒட்டும். பகரமும் மகரமும் இதழ்கள் சேர்ந்து பிறப்பவை என்று தொல்காப்பியம் அன்றே சொல்லிவிட்டது. அந்த இரண்டையும் விலக்கினால் மிஞ்சுவது ஸ ரி க த நி. சங்கராபரணத்தின் குழந்தை இந்த ராகம்.

கேட்க எளிது, பாடக் கடினம். பொதுவாக மத்திமம், பஞ்சமம் இரண்டில் ஒன்றாவது ராகத்தில் இருக்கும்; பாடகரின் குரல் அதில் சற்று இளைப்பாறும். இங்கே இரண்டுமே இல்லை. ஆர்மோனியத்தில் வாசித்தால், காந்தாரத்திலிருந்து தைவதத்துக்குப் போக நடுவில் நான்கு கட்டைகளைத் தாண்ட வேண்டும். தம்புராவில் பஞ்சமம் ஒலித்துக்கொண்டே இருக்கும். பாடுபவரோ அதைத் தொடாமல் தாண்ட வேண்டும்!

பாகவதர் அத்துடன் நிற்கவில்லை. இந்த ராகத்தில் அம்பாளை விளித்து அவர் செய்த 'ராஜ ராஜ ராதிதே' கீர்த்தனையில், சாகித்தியத்திலும் உதடு ஒட்டும் எழுத்தே கிடையாது. சிவப்பிரகாச சுவாமிகள் திருச்செந்தூர் முருகன் மீது பாடிய நிரோட்டக யமக அந்தாதி, தமிழில் இதே வகை. பாகவதர் சொல்லையும் ஸ்வரத்தையும் சேர்த்தே இந்த விரதத்தில் நிறுத்தினார்.

ஆம், விரதம்தான். ஒப்பிலியப்பனுக்கு உப்பில்லாமல் நைவேத்தியம் செய்கிறோம் அல்லவா? ருசிக்கு ஆதாரமானதையே விட்டுவிட்டுப் படைக்கிறோம். பாகவதர் விட்டதோ 'அம்மா' என்ற சொல். சின்னக் குழந்தைக்கும் வரும் அந்தச் சொல் இல்லாமலே அவளைப் பாட வேண்டும் என்றால், மனசு எவ்வளவு விழிப்பாக இருக்க வேண்டும்! தினமும் ஸ்லோகத்தை வேகமாக ஒப்பித்துவிட்டு அடுப்படிக்கு ஓடும் நமக்கு, அந்த விழிப்பு ஒரு பாடம்.

1939-ல் திருவனந்தபுரம் சுவாதித் திருநாள் சங்கீத அகாடமியின் முதல் முதல்வரானார். 1943-ல் திருவிதாங்கூர் பல்கலைக்கழகம் டாக்டர் பட்டம் அளித்தது. 1945, ஜூன் 30 அன்று மைசூரில் காலமானார்.

இந்த வெள்ளிக்கிழமை விளக்கேற்றியதும் அந்தக் கீர்த்தனையைக் கேளுங்கள். குழந்தைகளையும் கூட உட்கார வைத்து, ஸ ரி க த நி என்று உதடு ஒட்டாமல் பாடச் சொல்லுங்கள். பாடி முடித்த பிறகு, வாய் நிறைய ஒரு தடவை 'அம்மா' என்று கூப்பிடுங்கள். தினமும் சொல்லும் சொல்தான்; அன்று அதன் அருமை தெரியும்.