குடும்ப நலனை அரசின் கடமையாக்கிய துர்காபாய் தேஷ்முக்

புது தில்லி: தில்லி மெட்ரோவின் இளஞ்சிவப்பு வழித்தடத்தில், பல்கலைக்கழகத் தெற்கு வளாகத்தை ஒட்டிய ரயில் நிலையத்துக்கு துர்காபாய் தேஷ்முக்கின் பெயர் சூட்டப்பட்டுள்ளது. ஏழைக் குடும்பங்களின் நலன் தனியார் தர்மத்தை மட்டும் நம்பியிருந்த காலத்தில், அதற்கு ஐந்தாண்டுத் திட்டத்தில் இடமும் நிதியும் பெற்றுத் தந்தவர் அவர்.

ஆந்திரத்தின் ராஜமுந்திரியில் 1909 ஜூலை 15-ல் பிறந்த துர்காபாய்க்கு எட்டு வயதில் திருமணம் நடந்தது. விவரம் தெரிந்த வயதில் அந்த மண வாழ்வை ஏற்க அவர் மறுத்தார். தந்தையும் சகோதரரும் துணை நின்றனர். தான் கற்ற ஹிந்தியைப் பிற பெண்களுக்குக் கற்பிக்கச் சிறுவயதிலேயே பாடசாலை தொடங்கினார்.

1923-ல் காக்கிநாடாவில் காங்கிரஸ் மாநாடு நடந்தபோது, கண்காட்சி வாயிலில் தொண்டராக நின்றார். அனுமதிச் சீட்டு இல்லாமல் வந்த ஜவாஹர்லால் நேருவை உள்ளே விட மறுத்தார். சீட்டு வாங்கி வந்த பிறகே அனுமதித்தார்.

சிறை தந்த பாடம்: உப்பு சத்தியாகிரகத்தில் பங்கேற்றுச் சிறை சென்ற அவர், மதுரைச் சிறையில் தனிமைக் காவலில் வைக்கப்பட்டார். வேலூர்ச் சிறையில் அவர் சந்தித்த பெண் கைதிகள் பலர் எழுத்தறிவில்லாதவர்கள். தங்களுக்காக வாதாட ஆளில்லாதவர்கள். சட்டம் படிக்க வேண்டும் என்ற எண்ணத்தை அவருக்குள் விதைத்தது அந்த அனுபவமே.

விடுதலைக்குப் பின் விட்ட படிப்பைத் தொடர்ந்து முதுகலைப் பட்டமும், 1942-ல் சென்னையில் சட்டப் பட்டமும் பெற்று, சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்கறிஞரானார். இதற்கிடையே 1937-ல் சென்னையில் அவர் நிறுவிய ஆந்திர மகிளா சபா, பெண்களுக்குக் கல்வி, தொழிற்பயிற்சி, மருத்துவம் ஆகியவற்றை அளிக்கும் அமைப்பாக வளர்ந்தது.

1946-ல் சென்னை மாகாணத்திலிருந்து அரசியல் நிர்ணய சபைக்குத் தேர்வான அவர், அதன் தலைவர்கள் குழுவில் இடம்பெற்ற ஒரே பெண் ஆவார். பெண்களின் சொத்துரிமைக்காகவும் அங்கு குரல் கொடுத்தார்.

திட்டக் குழுவில்: 1952 தேர்தலில் துர்காபாய் தோல்வியுற்றார். ஆயினும் பிரதமர் நேரு அவரைத் திட்டக் குழு உறுப்பினராக்கி, சமூக நலப் பொறுப்பை ஒப்படைத்தார். 1953-ல் நிதியமைச்சர் சி.டி. தேஷ்முக்கை மணந்தார். அதே ஆண்டு ஆகஸ்டில் மத்திய சமூக நல வாரியம் உருவானது. முதல் தலைவர் துர்காபாய். முதல் ஐந்தாண்டுத் திட்டத்தில் தன்னார்வ சமூகநல அமைப்புகளுக்கு உதவ ரூ. 4 கோடி ஒதுக்கப்பட்டது.

அரசு பணம் தர வேண்டும், மக்களை அறிந்த உள்ளூர் அமைப்புகள் பணியைச் செய்ய வேண்டும் என்பதே அவர் வகுத்த முறை. கிராமங்களைத் தொகுதிகளாக்கி, பாலவாடி, பேறுகால உதவி, முதியோர் கல்வி, கைத்தொழில் பயிற்சி ஆகியவற்றை ஒருசேரக் கொண்டு செல்லும் திட்டங்கள் 1954 முதல் தொடங்கப்பட்டன.

இதற்குப் படித்த பெண் ஊழியர்கள் போதவில்லை. எனவே, படிப்பை இடையில் நிறுத்திய பெண்கள் குறுகிய காலத்தில் பள்ளிக் கல்வியை முடிக்கும் சுருக்கப் பாடத்திட்டம் 1958-ல் வந்தது. உதவி பெறும் நிலையிலிருந்த பெண்ணுக்கு ஆசிரியராக, செவிலியராக, கிராம சேவகியாக ஊதியம் பெறும் வழி இதனால் பிறந்தது. பெண் கல்விக்கான தேசியக் குழுவுக்கும் அவரே தலைமை வகித்தார்.

குடும்ப நீதிமன்றம்: 1953-ல் சீனா சென்றிருந்தபோது அங்குள்ள குடும்ப நீதிமன்றங்களைப் பார்வையிட்டார். விவாகரத்து, ஜீவனாம்சம், குழந்தைப் பொறுப்பு போன்ற வழக்குகளில் சாதாரண நீதிமன்ற நடைமுறை ஏழைப் பெண்களைச் சோர்வடையச் செய்துவிடும் என்பது வழக்கறிஞரான அவருக்குத் தெரியும். நாடு திரும்பியதும் நேருவிடமும் நீதிபதிகள் எம்.சி. சாக்ளா, கஜேந்திரகட்கர் ஆகியோரிடமும் இந்த யோசனையை விவாதித்தார்.

அது சட்டமாக முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆனது. 1975-ல் பத்ம விபூஷண் விருது பெற்ற துர்காபாய், 1981 மே 9-ல் காலமானார். குடும்ப நீதிமன்றச் சட்டம் 1984-ல்தான் நிறைவேறியது. முதலில் சமரசத்துக்கு முயல வேண்டும் என்பதும், பத்து லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை கொண்ட நகரங்களில் இந்நீதிமன்றங்களை மாநில அரசுகள் அமைக்க வேண்டும் என்பதும் அதன் முக்கிய அம்சங்கள்.

அவர் கட்டியெழுப்பிய வாரியத்தை மூடிவிட மத்திய அரசு 2022-ல் முடிவு செய்தது. சட்டமாகிவிட்ட அவரது யோசனை நிலைத்துவிட்டது. நிர்வாக ஆணையால் உருவான வாரியம் நிர்வாக ஆணையாலேயே முடிந்தது. ஏழைக் குடும்பத்துக்கான உதவி சலுகையா, சட்டபூர்வ உரிமையா என்ற விவாதத்தில் துர்காபாயின் வாழ்வு விட்டுச் சென்றுள்ள பாடம் இதுதான்.