முதல் ஊசி தமக்கே

நாமக்கல் வட்டாரக் கோழிப்பண்ணைகளில், குஞ்சு பொரித்த சில நாள்களிலேயே அதன் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு மருந்து விடுவது வழக்கம். வெள்ளைக்கழிச்சல் நோயை உண்டாக்கும் கிருமியின் வீரியம் குறைந்த வகையே அச்சொட்டில் இருக்கிறது. நோய்க்கிருமியின் வீரியத்தை ஆய்வுக்கூடத்தில் குறைத்து அதனையே காப்பு மருந்தாக்கலாம் என்று பிரான்சு நாட்டு அறிஞர் லூயி பாஸ்டர் ஏறத்தாழ 1880இல் மெய்ப்பித்ததும் கோழிகளைக் கொண்டுதான். அவர் காட்டிய வழியில் நின்று, காலரா, பிளேக் என்னும் இரு கொள்ளைநோய்களுக்குத் தடுப்பூசி கண்டு, இந்திய மக்களைக் காத்தவர் வால்டெமர் ஹாஃப்கின்.

இளமையும் கல்வியும்

ஹாஃப்கின், அன்றைய ரஷ்யப் பேரரசில் அடங்கியிருந்த ஒடெசா நகரில் 1860ஆம் ஆண்டு யூதக் குடும்பத்தில் பிறந்தார். ஒடெசாப் பல்கலைக்கழகத்தில் உயிரியல் பயின்றபோது மெச்னிகாஃப் அவருக்கு ஆசிரியராக வாய்த்தார். உடலினுள் புகும் அயற்பொருளைச் சில செல்கள் சூழ்ந்து விழுங்குவதை உடுமீனின் இளவுயிரியில் கண்டு உலகுக்கு உரைத்தவர் மெச்னிகாஃப். நோயை எதிர்க்கும் படை உடலுக்குள்ளேயே உண்டு என்னும் கருத்து, மாணவரின் உள்ளத்தில் ஆழப் பதிந்தது.

யூதர்க்கு எதிரான கலவரங்களின்போது தம் மக்களைக் காக்க முன்னின்ற ஹாஃப்கின், அதற்காகச் சிறைப்பட்டார். யூதராகப் பிறந்தமையால் தாய்நாட்டில் உயர்பதவிகளின் கதவுகள் அவருக்கு அடைபட்டிருந்தன. எனவே நாட்டைவிட்டு வெளியேறி, பாரிசிலுள்ள பாஸ்டர் நிறுவனத்தில் நூலகப் பணியில் சேர்ந்தார். அப்பணிக்கிடையே கிடைத்த நேரமெல்லாம் காலராக் கிருமி ஆய்வில் கழிந்தது.

காலராவை எதிர்த்து

கிருமியை வீரியம் குறைந்ததாகவும் வீரியம் மிக்கதாகவும் இருவகையில் வளர்த்து, முதலில் மெலிந்ததையும் பின்னர் வலியதையும் ஊசிவழிச் செலுத்துவது அவர் கண்ட முறையாகும். விலங்குகளில் வெற்றி கண்டபின் மனிதரில் சோதிக்க வேண்டிய நிலை வந்தது. 1892ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 18ஆம் நாள், ஹாஃப்கின் அம்மருந்தைத் தம் உடலிலேயே செலுத்திக்கொண்டார். காய்ச்சல் கண்டு, விரைவில் நலமடைந்தார்.

காலரா மிகுந்திருந்த இந்தியாவுக்கு 1893இல் வந்த அவரை ஐயமே வரவேற்றது. ஆங்கிலேய மருத்துவர் பலர் அவர் முறையை ஏற்கவில்லை. அயலான் ஏந்திவந்த ஊசியைக் கண்டு மக்களும் அஞ்சினர். மக்கள் கண்முன்னே தமக்கும் தம் உதவியாளர்க்கும் ஊசியிட்டுக் காட்டி அவ்வச்சத்தைப் போக்கினார். இந்திய மருத்துவர்கள் துணைநிற்க, கல்கத்தாவின் சேரிகளிலும் அசாமின் தேயிலைத் தோட்டங்களிலும் ஊசியிட்டார். இரண்டாண்டுகளில் நாற்பதாயிரத்திற்கும் மேற்பட்டோர் ஊசி பெற்றனர். இடையே மலேரியா தாக்கியமையால் ஐரோப்பா சென்ற அவர், உடல் தேறியதும் மீண்டும் வந்தார்.

பிளேக் கொள்ளைநோய்

1896இல் பம்பாயில் பிளேக் வெடித்தது. அரசின் அழைப்பை ஏற்று, கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் கிடைத்த சிறிய இடத்தில் ஹாஃப்கின் ஆய்வைத் தொடங்கினார். ஊனீரில் நெய்த்துளிகளை மிதக்கவிட்டுக் கிருமிகளைப் பெருக்கி, பின் வெப்பத்தால் கொன்று மருந்தாக்கினார். இறந்த கிருமி நோயைத் தாராது. ஆயினும் வெள்ளையணுக்கள் அதனைப் பகையென அறியும். எதிர்ப்பொருள்கள் உருவாகும், பகையின் அடையாளத்தை நினைவு செல்கள் காத்துவைக்கும். பின்னர் உயிருள்ள கிருமி நுழையுங்கால் உடல் விரைந்து எதிர்க்கும். அன்று முழுதும் விளங்காத இச்செயற்பாட்டைப் பின்வந்த அறிவியல் தெளிவாக்கியது.

1897 ஜனவரி 10ஆம் நாள், பிளேக் தடுப்பூசியையும் முதலில் தமக்கே இட்டுக்கொண்டார். பிறர்க்கு இடவிருந்த அளவினும் மிகுந்த அளவு அது. அடுத்து, பைகுலாச் சிறையில் விரும்பி முன்வந்தோர்க்கு ஊசி இடப்பட்டது. அவர்களிடையே நோயும் இறப்பும் குறைந்தன. பிளேக்கோ நாடெங்கும் பரவியது. கொங்கு நாட்டில் அது விளைத்த அச்சத்துக்குக் கோவையிலுள்ள பிளேக் மாரியம்மன் கோயில்கள் இன்றும் சான்றாகும். ஊர்கள் பலவும் ஊசியை நாடத் தொடங்கின.

பழியும் மீட்பும்

1902 அக்டோபர் 30ஆம் நாள் பஞ்சாபின் முல்கோவால் என்னும் சிற்றூரில் 107 பேர்க்கு ஊசி இடப்பட்டது. அவர்களுள், ஒரே குப்பியிலிருந்து மருந்து பெற்ற 19 பேர் டெட்டனஸ் என்னும் இரணஜன்னியால் மாண்டனர். ஆய்வுக்கூடத்திலேயே மருந்து மாசுற்றது என்று கருதிய அரசு, ஹாஃப்கினைப் பொறுப்பிலிருந்து விலக்கியது.

சான்றுகளோ வேறு உண்மையைக் காட்டின. அக்குப்பியைத் திறக்கப் பயன்பட்ட இடுக்கி தரையில் விழுந்திருந்தது. முறையாகத் தூய்மை செய்யப்படாமலே மீண்டும் பயன்படுத்தப்பட்டது. ஆய்வுக்கூடத்தில் கிருமி புகுந்திருப்பின், அது குப்பிக்குள் பல நாள் வளர்ந்து தீநாற்றம் எழுப்பியிருக்கும். திறந்தபோது அவ்வாறு நாற்றம் எழவில்லை. மலேரியா ஆய்வால் புகழ்பெற்ற ரொனால்டு ராஸ் உள்ளிட்ட பத்து அறிஞர்கள் 1907இல் இலண்டன் டைம்ஸ் இதழில் ஹாஃப்கினுக்காக வாதிட்டனர். அவ்வாண்டே பழி நீங்கியது.

மீண்டும் இந்தியா வந்து கல்கத்தாவில் பணியாற்றினார். எனினும் இழந்த ஆண்டுகளும் பழைய பொறுப்பும் அவருக்குத் திரும்பக் கிட்டவில்லை. பணி ஓய்வுக்குப்பின் ஐரோப்பா சென்று, 1930ஆம் ஆண்டு சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் மறைந்தார். அவர் தோற்றுவித்த பம்பாய் ஆய்வுக்கூடம் 1925 முதல் ஹாஃப்கின் நிறுவனம் என அவர் பெயர் தாங்கி நிற்கிறது. இந்திய அரசு 1964இல் அவருக்கு அஞ்சல்தலை வெளியிட்டுச் சிறப்பித்தது.

ஹாஃப்கினின் மருந்து சிறந்ததாயினும், மக்கள் நம்பியபோதே அது உயிர்காத்தது. அந்நம்பிக்கையைப் பெற அவர் தம் உடலையே முன்வைத்தார். தூய்மை செய்யப்படாத ஓர் இடுக்கி அந்நம்பிக்கையைக் குலைத்தது. சான்றுகளை ஆராயாது கூறிய பழி, ஓர் அறிஞரின் ஆண்டுகளைப் பறித்தது. ஊசி ஏந்தும் கைக்கும் நீதி வழங்கும் நாவுக்கும் ஒரே அளவான விழிப்பு வேண்டும் என்பதையே அவர் வாழ்க்கை உணர்த்துகிறது.