என்பு வளர்த்த வித்தகர்

மழை ஓயாத வட்டவளை மலைச்சரிவுகளிலே கொழுந்துக் கூடையுடன் இறங்குவோர் கால் வழுக்கி வீழ்தல் புதிதன்று. முறிந்த என்பு பல துண்டாய்ச் சிதறித் தோலையும் கிழித்துவிடின், சிம்பு வைத்துக் கட்டுதல் போதாது. உலோகத் தகடும் ஆணியும் வேண்டப்படும். அவை எல்லா வைத்தியசாலைகளிலும் எளிதிற் கிடைப்பன அல்ல. இத்தகைய வறுமையினிடையே நின்று உலகுக்கு வழிகாட்டியவர் கவ்ரீல் இலிசாரோவ் என்னும் சோவியத் வைத்தியர்.

1921ஆம் ஆண்டு போலந்து நாட்டிற் பிறந்த இவர், அசர்பைஜானின் மலையூராகிய குசாரில் வளர்ந்தார். ஆறு பிள்ளைகளுள் மூத்தவர். வறுமையாற் காலந்தாழ்த்தே பள்ளி புகுந்தார். 1939இல் கிரிமிய மருத்துவக் கல்லூரியிற் சேர்ந்தார். போர் மூளவே கல்லூரி கசகஸ்தானுக்குப் பெயர்ந்தது. 1944இல் பட்டம் பெற்றதும் சைபீரியப் புறத்துக் குர்கான் மாகாணத்தில் தொல்கோவ்கா என்னும் சிற்றூருக்கு அனுப்பப்பட்டார்.

போர் முடிந்த அக்காலத்தில், கூடாத என்போடு மாதக்கணக்கிற் படுத்திருப்போர் எங்கும் மலிந்திருந்தனர். அவர்தம் துயரே இலிசாரோவின் சிந்தையைக் கிளறிற்று. குர்கான் நகர வைத்தியசாலைக்கு மாறியபின், 1951இல் ஒரு கருவி சமைத்தார். மெல்லிய எஃகுக் கம்பிகளை என்பினூடே குறுக்காகச் செலுத்தி, யாழ் நரம்பெனக் கட்டியிழுத்து, புறத்தே வளையங்களிற் பிணித்தார். அவ்வளையங்களைத் திருகுதண்டுகள் இணைத்தன. துவிச்சக்கர வண்டியின் மெல்லிய ஆரக்கம்பிகள் இறுகி நின்று ஆளைத் தாங்குவது போல, இக்கம்பிகளும் உடலின் பாரத்தைத் தாங்கின. முறிவிடத்தை அகலக் கீறவேண்டாமையின் குருதியோட்டம் காக்கப்பட்டது. நோயாளி காலூன்றி நடக்கவும் இயன்றது.

பின்னர் அதனினும் பெரிய உண்மையொன்றைக் கண்டார். பிரித்த என்பு முனைகளை நாளொன்றுக்கு ஒரு மில்லிமீற்றர், அதனையும் நான்கு பங்காகச் சிறிது சிறிதாய் விலக்கிவரின், இடைவெளியிற் புத்தென்பு முளைக்கும் என்பதே அது. இழந்த என்பை உடலே ஈடுசெய்யும் வழி இவ்வாறு புலனாயிற்று.

ஆயினும் மொஸ்கோப் பேரறிஞர் பலர் இச்சிற்றூர் வைத்தியரை நெடுங்காலம் பொருட்படுத்தவில்லை. 1968இல் பேர்ம் நகரிலே முதனிலை ஆய்வுப் பட்டத்துக்கு அவர் அளித்த நூலைக் கண்டு வியந்த புலவர் அவை, அதனினும் உயர்ந்த கலாநிதிப் பட்டத்தையே வழங்கிற்று. அவ்வாண்டே, 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் உயரம் பாய்ந்து வென்று, மறு ஆண்டு மோட்டார்ச் சைக்கிள் விபத்திற் கால் சிதைந்த வலேரி புரூமெல் அவரை நாடினார். பிறர் பன்முறை கத்தி வைத்தும் கூடாத கால் கூடிற்று. 1971இல் குர்கானில் தனி ஆய்வு நிலையம் எழுந்தது. 1980இல் இத்தாலிய மலையேறி கார்லோ மௌரி அங்கே நலம் பெற்றார். மறு ஆண்டு இலிசாரோவ் இத்தாலியிற் பேச, மேலை நாடுகள் அவர் முறையை ஏற்கத் தொடங்கின.

இம்முறை மாயமன்று. கம்பி நுழைந்த இடங்களிற் சீழ் பிடியாது நாளும் பேணவேண்டும். மாதக்கணக்கிற் பொறுமையும் வேண்டும். எனினும் ஏழை வைத்தியசாலைக்கு இஃதொரு பெரும் துணை. கழற்றிய வளையங்கள் தூய்மை செய்யப்பட்டு மீண்டும் பயன்படுதலும் உண்டு.

1992ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் குர்கானிலேயே இலிசாரோவ் மறைந்தார். பெருநகர் தம்மை ஏற்ற பின்னும் அவர் அச்சிறு நகரை விட்டு நீங்கவில்லை. இல்லாத பொருளுக்கு ஏங்கியிராது உள்ள பொருளின் இயல்பை நுணுகி நோக்கினார். அந்நோக்கே அவருக்குச் செல்வமாயிற்று. ஊர் சிறிதாதல் அறிவு சிறிதாதற்குக் காரணமாகாது என்பதை நம் மலைநாட்டு மாணவர் அவர் வாழ்வினின்றும் அறிவாராக.