சீனிவாச இராமானுசன்

சீனிவாச இராமானுசன் (டிசம்பர் 22, 1887 - ஏப்ரல் 26, 1920) எண் கோட்பாட்டில் பல புதிய முடிவுகளைக் கண்டறிந்த தமிழகக் கணிதமேதை ஆவார். 1729 (1³ + 12³ = 9³ + 10³) என்னும் எண்ணோடு சேர்த்தே பலரும் இவரை அறிவர். ஆயினும் கல்லூரித் தேர்வுகளில் தோற்ற இவருக்குப் பட்டம் பெற்றுத் தந்தது உயர் பகு எண்களைப் பற்றிய ஆய்வாகும்.

இளமை

இராமானுசன் ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்தார். இவரது தந்தை துணிக்கடை ஒன்றில் கணக்கராக இருந்தார். கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையுடன் சேர்ந்த இராமானுசன், கணிதத்தில் மூழ்கிப் பிற பாடங்களைப் புறக்கணித்ததால் அத்தொகையை இழந்தார். பின்னர் சென்னை பச்சையப்பன் கல்லூரியில் பயின்றும் எப். ஏ. தேர்வில் தேறவில்லை. 1912 இல் சென்னைத் துறைமுகத்தில் எழுத்தரானார். 1913 சனவரியில் கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்குத் தம் முடிவுகளை மடலாக எழுதினார். அதன் பயனாக 1914 இல் இங்கிலாந்து சென்றார்.

உயர் பகு எண்கள்

ஓர் எண்ணுக்கு, அதனினும் சிறிய எல்லா எண்களையும்விட மிகுதியான வகுத்திகள் இருப்பின் அது உயர் பகு எண் எனப்படும். எடுத்துக்காட்டாக, 12 ஐ மீதியின்றி வகுப்பவை 1, 2, 3, 4, 6, 12 ஆகிய ஆறு எண்கள். 12 இனும் சிறிய எந்த எண்ணுக்கும் ஆறு வகுத்திகள் இல்லை. ஒரு நாளின் நாழிகைகளைக் குறிக்கும் 60, வட்டத்தின் பாகைகளைக் குறிக்கும் 360 ஆகியனவும் இவ்வகையினவே.

இத்தகைய எண்ணைப் பகாக்காரணிகளாகப் பிரித்தால் 2 இல் தொடங்கி இடைவிடாமல் பகா எண்கள் வரும். அடுக்குகள் ஏறாமல் செல்லும். 4, 36 நீங்கலாக, இறுதிப் பகா எண்ணின் அடுக்கு 1 ஆகவே இருக்கும். இவற்றை இராமானுசன் 1915 இல் வெளியிட்ட கட்டுரையில் நிறுவினார். கணினி இல்லாத அக்காலத்தில் 102 உயர் பகு எண்களையும் அதில் பட்டியலிட்டார். பட்டியலின் இறுதி எண் ஏறத்தாழ 6.75 இலட்சம் கோடி ஆகும்:

6746328388800 = 2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19 × 23

இதற்கு 10080 வகுத்திகள் உள்ளன. இப்பட்டியலில் 293318625600 என்னும் ஓர் உயர் பகு எண் மட்டும் விடுபட்டுள்ளது. அவ்வாறு விடுபட்ட எண்ணை 23 ஆல் பெருக்கினால் பட்டியலின் இறுதி எண்ணே கிடைப்பது வியப்புக்குரியது.

பட்டமும் மறைவும்

இவ்வாய்வுக்காக 1916 மார்ச்சில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் இவருக்கு ஆய்வுவழி இளங்கலைப் பட்டம் வழங்கியது. 1918 இல் அரச கழகத்தின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். நோயுற்று 1919 இல் தாயகம் திரும்பிய இராமானுசன், மறு ஆண்டு சென்னை சேத்துப்பட்டில் தமது 32 ஆம் அகவையில் காலமானார்.

இலண்டன் கணிதக் கழகத்தின் பணமுடையால் அக்கட்டுரையின் எஞ்சிய பகுதி 1915 இல் அச்சேறவில்லை. அது 1997 இல் குறிப்புரைகளுடன் ஆய்விதழ் ஒன்றில் வெளியிடப்பட்டது.